அசெம்பிளி லைனில் உடல்வலியையும் நேர விரயத்தையும் சேர்த்தே குறைப்பது: முதல் தடவை இறங்குபவர்களுக்கு

“லைன்ல அவுட்புட் வரல, ஆளுங்களும் அடிக்கடி லீவு போடறாங்க. கொஞ்சம் என்னன்னு பாருங்க.” ஒரு நாள் காலை இவ்வளவுதான் சொன்னார்கள். எப்படிப் பார்ப்பது, எந்தத் தாளில் ஆரம்பிப்பது, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று எதுவும் சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் நான் செய்ததெல்லாம் தப்பு. நாற்காலி வாங்கினேன், தரைவிரிப்பு வாங்கினேன், மேசையை உயர்த்தினேன். அவுட்புட் அப்படியே நின்றது, தோள்வலி மட்டும் கூடியது. அதற்கப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்துச் செய்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் லைன் இன்ஜினியராக இருக்கலாம், சூப்பர்வைசராக இருக்கலாம், பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். மூவருக்கும் வழி இதுதான்.

1. முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள்

வேலை கைக்கு வந்ததும் விற்பனையாளர்கள் வந்துவிடுவார்கள். கேட்லாக்கைப் பார்த்தால் எல்லாமே நமக்குத் தேவை என்றுதான் தோன்றும். நான் தரைவிரிப்பு வாங்கியது எலக்ட்ரானிக்ஸ் வேலை நடக்கும் இடத்துக்கு. நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தாத சாதாரண ரப்பர் என்பதால் குவாலிட்டிக்காரர்கள் அன்றைக்கே தூக்கச் சொல்லிவிட்டார்கள். அளவுக்கு வெட்டிய விரிப்பு, விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்யூட் போர்டு கையாளும் இடமாக இருந்தால் நாற்காலி, விரிப்பு, டப்பா எதை மாற்றினாலும் ஈ.எஸ்.டி. தகுதி (நிலைமின்சாரத்தால் போர்டு கெடாமல் காக்கும் தன்மை) உள்ளதா என்று ஆர்டருக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

நீளமான திட்ட அறிக்கை வேண்டாம். எந்த லைன், எந்தெந்த ஸ்டேஷன், இன்றைய அவுட்புட் எவ்வளவு, எவ்வளவு வேண்டும், எத்தனை வாரம், சோதனைக்காக லைனை அதிகபட்சம் எத்தனை மணி நேரம் நிறுத்தலாம். இந்த ஆறும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். உற்பத்தி, குவாலிட்டி, மெயின்டனன்ஸ், பாதுகாப்பு என நான்கு பிரிவின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

அதே தாளில் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்லுவேன்: “இந்த வேலையால் மிச்சமாகும் நேரத்தைக் காரணம் காட்டி யாரையும் வேலையை விட்டு நீக்க மாட்டோம்.” இதை நிர்வாகத்திடம் வாங்குவதுதான் மிகக் கடினம். எனக்கு இரண்டு வாரம் இழுத்தது. ஆனால் இந்த வரி இல்லாமல் லைனுக்குள் ஸ்டாப்வாட்ச்சோடு போனால் நீங்கள் எடுக்கும் ஒரு எண்ணும் உண்மையாக இருக்காது.

3. நேரம் எடுக்கும் முன் பேசுங்கள்

முதல் தடவை நான் யாரிடமும் சொல்லாமல் தூண் ஓரமாக நின்று நேரம் எடுத்தேன். அன்று வந்த எண்கள் அற்புதமாக இருந்தன. பிறகு ஒரு அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்க அங்க நிக்கறப்ப நான் மூச்சே விடறதில்ல சார்.” இன்னொருவர் எனக்காகவே மெதுவாகச் செய்திருந்தார், டார்கெட்டை ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில். இரண்டு நாள் எண்களையும் குப்பையில் போட்டேன்.

சரியான வழி எளிது. ஷிப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் எல்லோரையும் கூட்டி, என்ன செய்யப்போகிறீர்கள், எடுக்கும் வீடியோவை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று சொல்லுங்கள். முகம் தெரியாமல் கையும் உடம்பும் மட்டும் விழும்படி கேமராவை வைக்கலாம். யாராவது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முதல் நாள் எடுத்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் ஆட்கள் உங்களை மறந்து வழக்கம்போல் வேலை செய்வார்கள்.

அப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த மேசையில ஒண்ணே ஒண்ண மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?” எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனைகளில் பாதி இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான். மீதிப் பாதி, அந்தப் பதில்களை நான் சரியாகக் காதில் வாங்காமல் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து நானே கண்டுபிடித்ததாக நினைத்தவை.

4. டேக்ட் நேரம், சைக்கிள் நேரம்: எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்

ஷிப்ட் 480 நிமிடம். சாப்பாட்டு இடைவேளை 30, இரண்டு சிறு இடைவேளைகள் சேர்ந்து 20. மீதி 430 நிமிடம், அதாவது 25,800 விநாடி. ஒரு ஷிப்டில் 430 பீஸ் வேண்டுமென்றால் ஒரு பீஸுக்கு 60 விநாடி. இதுதான் டேக்ட் நேரம். இடைவேளையைக் கழிக்க மறந்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு.

அடுத்து ஒவ்வொரு ஸ்டேஷனின் சைக்கிள் நேரம், அதாவது அங்கே ஒரு பீஸை முடிக்க ஆகும் நேரம். குறைந்தது 10 முதல் 20 சைக்கிள் எடுங்கள். மொத்த நேரத்தை மட்டும் எழுதினால் பயனில்லை. எடுத்தல், வைத்தல், திருப்புதல், ஸ்க்ரூ போடுதல், சரிபார்த்தல் என்று துண்டு துண்டாக எழுதுங்கள். என் லைனில் ஐந்து ஸ்டேஷன். எண்கள் இப்படி வந்தன: 52, 58, 66, 49, 55.

மூன்றாவது ஸ்டேஷன் 66 விநாடி எடுக்கிறது. மற்றவர்கள் எவ்வளவு வேகமாகச் செய்தாலும் லைனிலிருந்து 66 விநாடிக்கு ஒரு பீஸ்தான் வெளியே வரும். 25,800-ஐ 66-ஆல் வகுத்தால் 390. கேட்டது 430, குறைவது 40. நான்காவது ஸ்டேஷனில் நான்கு விநாடியை மிச்சப்படுத்தினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதே 390 தான். நான் முதலில் மேசையை மாற்றியது நான்காவது ஸ்டேஷனில். அங்கே இடம் தாராளமாக இருந்தது, அதனால்.

மூன்றாவது ஸ்டேஷனை இரண்டாவதைவிட ஒரு விநாடி கீழே, 57-க்குக் கொண்டுவந்தால் லைன் 58-இல் ஓடும், ஷிப்டுக்கு 444 பீஸ். அதற்கு மேல் மூன்றாவது ஸ்டேஷனில் எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை, ஏனென்றால் இப்போது இடிப்பது இரண்டாவது ஸ்டேஷன். ஆக எனக்குத் தேவைப்பட்டது 9 விநாடி. அதற்கு மேல் ஒரு விநாடிக்கும் செலவு செய்ய வேண்டியதில்லை.

5. வலி எங்கே என்று கேளுங்கள்

ஒரு தாளில் மனித உடம்பின் படம், முன்பக்கமும் பின்பக்கமும். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல்முதுகு, இடுப்பு, தொடைப்பகுதி, முழங்கால், கணுக்காலும் பாதமும் என்று ஒன்பது பகுதிகள். கடந்த 7 நாளில் எங்கே வலித்தது, கடந்த 12 மாதத்தில் எங்கே வலித்தது. இவ்வளவுதான். நார்டிக் கேள்வித்தாள் என்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் படிவம் இந்த முறையில்தான் கேட்கிறது.

தாளில் பெயர் வேண்டாம், ஸ்டேஷன் எண் மட்டும் போதும். ஒரு ஸ்டேஷனில் ஒருவர்தான் வேலை செய்கிறார் என்றால் அந்த எண்ணே பெயர்தான், அதனால் எல்லா ஷிப்டையும் சேர்த்து எடுங்கள். தாள்களைப் பூட்டி வையுங்கள். வலி என்று எழுதியவரை “உடம்பு சரியில்லாத ஆள்” என்று முத்திரை குத்தினால் அடுத்த தடவை எல்லோரும் “வலி இல்லை” என்றுதான் எழுதுவார்கள்.

இரவில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் உணர்ச்சியில்லாமல் போகின்றன என்று யாராவது சொன்னால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக அது இருக்கலாம். நீங்கள் வைத்தியம் சொல்ல வேண்டாம், மேசை மாறும்வரை பொறுக்கச் சொல்லவும் வேண்டாம்.

அடுத்தது வேலை செய்யும்போது உடம்பு இருக்கும் நிலைக்கு மதிப்பெண். கைவேலைக்கு ரூலா முறை போதும். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு, கால் ஆகியவற்றின் கோணத்தையும் எவ்வளவு விசை போடுகிறார் என்பதையும் வைத்து 1 முதல் 7 வரை எண் வரும். 1, 2 என்றால் பரவாயில்லை. 3, 4 என்றால் மேலும் ஆராய வேண்டும். 5, 6 என்றால் சீக்கிரம் மாற்ற வேண்டும். 7 என்றால் உடனே. தாள் ஒரே பக்கம்தான், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு ஸ்டேஷனை அரை மணி நேரத்தில் முடிக்கலாம். குனிந்து தூக்கும் வேலை அதிகமாக இருந்தால் முழு உடம்பையும் பார்க்கும் ரீபா முறை பொருத்தமாக இருக்கும். ஒரு சைக்கிளில் எந்த நிலை மிக மோசமோ, எது அதிக நேரம் நீடிக்கிறதோ, இரண்டுக்கும் தனித்தனியாக எண் போடுங்கள். சராசரி எடுக்காதீர்கள்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது ஸ்டேஷனில் வலி எழுதியிருந்த இடங்கள் மூன்று: இடுப்பு, வலது தோள், இடது மணிக்கட்டு. நேரத் தாளில் வீணாகப் போன இடங்களும் மூன்று. ஸ்க்ரூ டப்பா பின்னால் இருந்த ராக்கில் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் உடம்பைத் திருப்பி எடுக்க 3 விநாடி. ஸ்க்ரூடிரைவரை மேசையின் வலது ஓரத்தில் வைத்து எடுக்க 2 விநாடி. பின்பக்க ஸ்க்ரூவுக்காக மூன்று கிலோ பீஸை இடது கையால் புரட்ட 4 விநாடி. கூட்டினால் 9. நான் தேடிக்கொண்டிருந்த அதே 9 விநாடி. இடுப்பு, தோள், மணிக்கட்டு என்ற அதே வரிசை. வலித் தாளையும் நேரத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. நீங்கள் முதல் வாரமே செய்துவிடுங்கள்.

டப்பா ஏன் பின்னால் இருந்தது தெரியுமா? பொருள் கொண்டுவரும் டிராலி அந்தப் பக்கமாகத்தான் வரும். டிராலி ஓட்டுபவருக்கு வசதி. ஒரு ஷிப்டில் அவர் டப்பாவைத் தொடுவது நான்கு முறை, ஆபரேட்டர் தொடுவது 390 முறை.

6. உயரமும் எட்டும் தூரமும்

அதிகத் தப்பு நடக்கும் இடம் இது. அளவுக்கு அடிப்படை நிற்பவரின் முழங்கை உயரம். அன்றாடம் போடும் காலணியோடு, தோளைத் தளர்த்தி நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். கண்ணால் உற்றுப் பார்த்துச் செய்யும் நுண்வேலைக்குக் கை வேலை செய்யும் இடம் முழங்கையைவிட 5 முதல் 10 செ.மீ. மேலே இருக்கலாம். சாதாரண அசெம்பிளிக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே. அழுத்தியும் எடை போட்டும் செய்யும் வேலைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழே.

கவனியுங்கள், சொன்னது “கை வேலை செய்யும் இடம்”. மேசையின் பலகை அல்ல. பலகையின் மேல் பீஸைப் பிடித்து நிறுத்தும் 10 செ.மீ. ஃபிக்சர், அதன் மேல் 20 செ.மீ. பீஸ் என்றால் கை இருப்பது பலகையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில். நான் பலகையை முழங்கை உயரத்துக்கு வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் எல்லோரும் தோளைத் தூக்கிக்கொண்டு சிறகு விரித்த கோழி மாதிரி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரே மேசையில் உயரமானவரும் குள்ளமானவரும் ஷிப்ட் மாறி வேலை செய்தால்? உயரம் மாற்றும் மேசை இருந்தால் நல்லது. இல்லையென்றால் உயரமானவருக்குப் பொருத்தமாக மேசையை வைத்து, மற்றவருக்குக் காலடியில் மேடை கொடுங்கள். ஆளை உயர்த்துவது சுலபம், மேசையைத் தாழ்த்துவதுதான் முடியாது. மேடை ஸ்டேஷன் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும், விளிம்பில் மஞ்சள் பட்டை அடிக்க வேண்டும். சின்ன மேடை வைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

எட்டும் தூரத்தைப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஆபரேட்டரை நிற்க வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கையில் சாக்பீஸைக் கொடுத்து மேசையில் வில் போலக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு கைக்கும். அந்தக் கோட்டுக்குள் அடிக்கடி எடுக்கும் பொருள்கள். அப்புறம் முதுகு வளையாமல் கையை முழுதாக நீட்டி இன்னொரு கோடு. அதற்குள் எப்போதாவது எடுப்பவை. இரண்டாவது கோட்டுக்கு வெளியே இருக்கும் எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. வில்லைப் போடச் சொல்ல வேண்டியது அங்கே வேலை செய்பவர்களில் மிகக் குள்ளமானவரை. உயரத்துக்கு உயரமானவர், தூரத்துக்குக் குள்ளமானவர், இதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

டப்பாக்களைச் சாய்வாக, தானாகச் சரிந்து வரும் ராக்கில் வையுங்கள். நிரப்புபவர் பின்பக்கமிருந்து நிரப்பட்டும். காலி டப்பா திரும்பிப் போக ஒரு தட்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் காலி டப்பாக்கள் காலடியில் குவியும்.

7. தூக்கும் வேலை இருந்தால்

பெட்டியின் எடையை மட்டும் பார்த்து “12 கிலோதானே” என்று விட்டுவிடாதீர்கள். எவ்வளவு எடை தூக்கலாம் என்று கணக்கிடும் நியோஷ் சமன்பாடு 23 கிலோவில் ஆரம்பிக்கிறது, ஆனால் அது எல்லாம் சரியாக இருக்கும்போது மட்டும். உடம்பிலிருந்து எவ்வளவு தூரம், எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு உயரம் நகர்த்துகிறோம், எத்தனை முறை, உடம்பு திரும்புகிறதா, பிடி நன்றாக உள்ளதா என்பதையெல்லாம் வைத்து அந்த 23 குறைந்துகொண்டே வரும்.

ஒரு கணக்கு. 12 கிலோ பெட்டி தரையில் இருக்கும் பேலட்டிலிருந்து. கை பிடிக்கும் உயரம் 15 செ.மீ., உடம்பிலிருந்து தூரம் 50 செ.மீ., 60 செ.மீ. மேலே தூக்கி மேசையில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, நாள் முழுக்க, பிடி நன்றாக இருக்கிறது, உடம்பு திரும்பவில்லை. பரிந்துரைக்கும் எடை சுமார் 7.2 கிலோதான் வருகிறது. 12 கிலோவை அதனால் வகுத்தால் 1.67. இந்த எண் 1-ஐத் தாண்டினால் இடுப்புக்கு ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். அதே பெட்டியை 75 செ.மீ. உயர ஸ்டாண்டில் வைத்து, 30 செ.மீ. கிட்டே நின்று, மேசைக்கு நேராக நகர்த்தினால் பரிந்துரைக்கும் எடை சுமார் 16.3 கிலோவுக்கு ஏறுகிறது, எண் 0.74. மாறியது பேலட்டின் உயரமும் நிற்கும் இடமும் மட்டும்.

தரையில் எதையும் வைக்காதே என்று லைனில் ஒரு விதி போட்டாலே இதில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

8. கருவி, வெளிச்சம்

ஸ்க்ரூடிரைவரை மேலே பேலன்சரில் (கருவியின் எடையைத் தாங்கித் தொங்கவிடும் சாதனம்) தொங்கவிட்டால் எடுத்து வைக்கும் நேரமும் போகும், எடையும் கையில் தெரியாது. கருவி தொங்கும் இடம் ஸ்க்ரூ போடும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்துச் செய்தால் தோள்வலி திரும்ப வரும். செங்குத்தாக ஸ்க்ரூ போட நேர் கைப்பிடி, படுக்கைவாட்டில் போடத் துப்பாக்கிக் கைப்பிடி, அப்போதுதான் மணிக்கட்டு வளையாமல் இருக்கும். டார்க் (ஸ்க்ரூவை முறுக்கும் விசை) அதிகமாக இருந்தால் எதிர்விசையைத் தாங்கும் கை ஒன்றை மேசையில் பொருத்துங்கள். கருவியையோ அதன் கோணத்தையோ மாற்றியதும் டார்க்கை மறுபடி சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும், மறந்தால் குவாலிட்டி தணிக்கையில் மாட்டுவீர்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு லக்ஸ் மீட்டர் இரவல் வாங்கினால் போதும். முரட்டு அசெம்பிளிக்கு 200 லக்ஸ், நடுத்தரத்துக்கு 300, நுண்வேலைக்கு 500, மிக நுணுக்கமானதற்கு 750. அளக்க வேண்டியது பீஸின் மேல், ஆபரேட்டர் நிற்கும்போது. அவர் தலையின் நிழலே பீஸின் மேல் விழும் ஸ்டேஷன்கள் நிறைய உண்டு.

9. அட்டையில் செய்து பாருங்கள்

ஃபிக்சரையும் (எங்களுக்கு, பீஸைக் கையால் புரட்டாமல் திருப்பச் சுழலும் ஃபிக்சர்) ராக்கையும் வரைபடமாக வரைந்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவதற்கு முன், பேக்கிங் அட்டை, டேப், பழைய பைப் ஆகியவற்றை வைத்து நிஜ அளவில் ஒரு ஸ்டேஷனைக் கட்டுங்கள். ஆபரேட்டர்கள் இரண்டு மூன்று பேர் அதில் 20 பீஸ் செய்து பார்க்கட்டும். எங்கள் அட்டை மாதிரியில் முதல் பத்து நிமிடத்திலேயே ஒருவர், “சார், ஃபிக்சர் சுத்தறப்ப கேபிள் மாட்டுது” என்றார். அட்டையைக் கத்தியால் வெட்டிச் சரிசெய்தோம். இரும்பில் செய்திருந்தால் மூன்று வாரம் போயிருக்கும். சுழலும் ஃபிக்சரில் விரல் சிக்கும் இடைவெளி இருக்கிறதா என்பதையும் இங்கேயே பாதுகாப்புப் பிரிவை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

இரவு ஷிப்ட் ஆட்களையும் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். பகல் ஷிப்டிடம் மட்டும் கேட்டுச் செய்ததை இரவில் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

10. செலவைக் கணக்குத் துறை ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள்

நான் முதலில் எழுதியது: மிச்சமாகும் விநாடி, பெருக்கல் பீஸ், பெருக்கல் சம்பள விகிதம். கணக்குத் துறையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: “சம்பளம் எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம்?” அவர்கள் சொன்னது சரி. மிச்சமான நேரம் கூடுதல் பீஸாகவோ குறைந்த ஓவர்டைமாகவோ மாறினால்தான் அது பணம்.

அதனால் வரவுப் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: ஷிப்டுக்குக் கூடும் நல்ல பீஸ் எண்ணிக்கை, அந்தக் கூடுதல் பீஸ் விற்குமா என்பதற்கு ஆர்டர் ஆதாரம், குறையும் ஓவர்டைம், குறையும் ரீவொர்க். வலியால் போடும் லீவுக்கு மாற்று ஆள் வைக்கும் செலவைத் தனியாகக் காட்டுங்கள், ஆனால் அது எவ்வளவு குறையும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

செலவுப் பக்கத்தில் எல்லோரும் மறப்பவை: பொருத்துவதற்காக லைன் நிற்கும் நேரம், பழகும் வரை குறையும் அவுட்புட், உதிரி பேலன்சர், அறுந்து விழாமல் பிடிக்கும் பாதுகாப்புச் சங்கிலி, பழைய மேசையை அப்புறப்படுத்துவது. எங்கள் மூன்று மாற்றங்களில் டப்பா ராக்குக்குப் பழைய பைப்பே போதுமாக இருந்தது. பேலன்சர் நடுத்தரச் செலவு. சுழலும் ஃபிக்சர்தான் மற்ற இரண்டையும் சேர்த்ததைப்போலப் பல மடங்கு. செலவில்லாததை முதலில் செய்து அதன் எண்ணைக் காட்டிவிட்டு ஃபிக்சருக்குக் கேட்டதால்தான் அனுமதி கிடைத்தது. டப்பாவையும் பேலன்சரையும் மட்டும் மாற்றியபோதே 66 விநாடி 61 ஆகி, அவுட்புட் 390-இலிருந்து 420-ஐத் தாண்டியிருந்தது.

11. மாற்றுவதற்கு முன் முடிக்க வேண்டிய தாள்கள்

இதை விட்டுவிட்டு மேசையை நகர்த்திய அன்றே தணிக்கை வந்து நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வரிசையாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாற்றக் கோரிக்கைப் படிவம். புதிய லேஅவுட் வரைபடம், பதிப்பு எண்ணோடு. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் வேலை வழிமுறைத் தாள், புதிய புகைப்படங்களோடு. எஃப்.எம்.இ.ஏ. (எங்கே என்ன தவறு நேரலாம் என்ற பட்டியல்) மற்றும் கன்ட்ரோல் பிளான் (தரத்தை எப்படிச் சரிபார்ப்பது என்ற திட்டம்) இரண்டிலும் அந்த ஸ்டேஷன் வரும் வரிகள். ஆபத்து மதிப்பீடு. மின் இணைப்போ காற்றுக் குழாயோ மாறினால் மெயின்டனன்ஸ் ஒப்புதல். டார்க் சரிபார்ப்புப் பதிவு. எல்லா ஷிப்ட் ஆபரேட்டர்களின் பயிற்சிக் கையெழுத்து. வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய ஒப்பந்தம் இருந்தால் அதை முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அந்த ஒரு பதிலுக்காகவே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

நேர அட்டவணையாகச் சொன்னால்: கையெழுத்துக்கும் பேச்சுக்கும் 2 வாரம், அளப்பதற்கு 2 வாரம், அட்டை மாதிரிக்கு 1 வாரம், தாள்களும் ஒர்க்‌ஷாப் வேலையும் ஒன்றாக ஓட 4 வாரம், பொருத்தல் ஒரு விடுமுறை நாள். மாதக் கடைசியில் பொருத்தாதீர்கள். சரக்கு அனுப்பும் நெருக்கடியில் இரண்டு பீஸ் குறைந்தாலும் “பழைய மாதிரியே மாத்துங்க” என்று உத்தரவு வந்துவிடும்.

12. பொருத்திய பிறகு

முதல் சில நாள் அவுட்புட் குறையும். கை பழைய இடத்துக்கே போகும். இதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் பதற மாட்டார்கள். எங்களுக்கு ஆறாவது நாள்தான் பழைய எண்ணைத் தொட்டது, இரண்டாவது வார முடிவில் 57-க்கு வந்தது.

ஆள் மாற்றி ஆள் சுழற்சி வைப்பதாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கலாம். ஆனால் ஸ்க்ரூ போடும் ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்க்ரூ போடும் ஸ்டேஷனுக்கு அனுப்பினால் அது சுழற்சி ஆகாது. அதே தசைதான், அதே மணிக்கட்டுதான். வலித் தாளை வைத்து எந்த ஸ்டேஷன் உடம்பின் எந்தப் பகுதியை வாட்டுகிறது என்று குறித்து, தோள் வேலைக்கு அப்புறம் சரிபார்ப்பு வேலை என்பதுபோல மாற்றுங்கள். மோசமான ஸ்டேஷனைச் சரிசெய்யாமல் எல்லோரையும் அதில் சுழற்றுவது வலியைப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான்.

மிச்சமான விநாடிகளை உடனே டார்கெட்டில் ஏற்றச் சொல்லி அழுத்தம் வரும். டேக்ட் 60 இருக்கும்போது லைன் 58-இல் ஓடினால் அந்த இரண்டு விநாடியை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால் எடுக்கவும், கையை ஒரு தடவை உதறிக்கொள்ளவும் அதுதான் நேரம்.

30-ஆம் நாளும் 90-ஆம் நாளும் அதே நேரத் தாள், அதே வலித் தாள், அதே ரூலா, அதே கேமரா கோணத்தில். மேசைக் காலில் உயர அளவுகளைப் பெயின்டால் குறித்து வையுங்கள். புதிதாக ஒருவர் அந்த ஸ்டேஷனுக்கு வந்தால் முதல் வேலையாக அவருடைய முழங்கை உயரத்தை அளந்து, மேடையோ மேசையோ எது மாற வேண்டுமோ அதை மாற்றிவிட்டு, அப்புறம் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுங்கள்.